இளைப்பெல்லாம் ஆஸ்துமா அல்ல

தை பிறந்து விட்டால் காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடை மும்முரமாகி விடும். அறுவடை இயந்திரம் வயலில் ஓடும்போது எழும் தூசியும், களத்தில் நெல் தூற்றும்போது பறக்கும் பதரும் சுணையும், வைக்கோல் கட்டும்போது கிளம்பும் தூளும் ஊர் முழுவதும் பரவி நிற்கும். பனியும் சேர்ந்து கொள்ளும். இந்த நாட்களில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: "மூச்சு வாங்குது, நெஞ்சு இரையுது." வீட்டில் உள்ளவர்கள் அதற்கு உடனே ஒரு பெயரும் வைத்து விடுகிறார்கள். முன்பெல்லாம் 'இளைப்பு', 'இழுப்பு' என்றார்கள். இப்போது 'வீசிங்' என்கிறார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் ஆஸ்துமா என்றே பொருள் கொள்ளப்படுகிறது.

நெஞ்சில் இரைச்சல் கேட்பது ஓர் அறிகுறியே தவிர, நோயின் பெயர் அல்ல. நெற்பயிர் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம், துத்தநாகக் குறைவாக இருக்கலாம், துங்ரோ நோயாக இருக்கலாம், நீர் தேங்கி வேர் அழுகியும் இருக்கலாம். மஞ்சளைக் கண்டதும் யூரியாவை அள்ளி வீசுகிறவரை யாரும் கெட்டிக்காரர் என்று சொல்வதில்லை. மூச்சுத் திணறலும் அப்படித்தான். காரணத்துக்கு ஏற்ப மருந்து மாறும். சில காரணங்களில் ஒரு மாதம் தாமதித்தாலும் பெரும் கேடில்லை. வேறு சிலவற்றில் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் உயிர் போய் விடும்.

இதை எழுதுகிற நான் மருத்துவன் அல்லன். பயிரையும் மண்ணையும் படித்தவன். ஆயினும் இந்தப் பொருளை விவசாயப் பகுதியில் எழுதக் காரணம் உண்டு. உழவர்களுக்கு வரும் மூச்சுத் திணறலின் மூலம் பல சமயங்களில் வயலிலும் களத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் இருக்கிறது. எந்த வேலை செய்த பிறகு, எத்தனை மணி நேரம் கழித்துத் தொல்லை வந்தது என்பதை நோயாளிதான் சொல்ல முடியும். நோயைக் கண்டறிந்து மருந்து கொடுப்பது மருத்துவரின் வேலை. அந்த நேரக் கணக்கை அவருக்குச் சரியாகச் சொல்வது நம்முடைய வேலை.

ஆஸ்துமாவின் போக்கு

நாம் இழுக்கும் காற்று மூச்சுக்குழாயில் இறங்கி, பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால்கள் பிரிவது போலச் சிறு சிறு குழாய்களாகப் பிரிந்து நுரையீரலுக்குள் பாய்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தச் சிறு குழாய்களின் உட்சுவர் நாள்பட்ட அழற்சி கொண்டிருக்கும். தூசி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று தூண்டினால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். உள்ளே கோழையும் சேரும். வழி குறுகி விடும். காற்றை உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவதுதான் அப்போது கடினமாக இருக்கும். விடும் மூச்சில் விசில் போன்றோ, பூனை முனகுவது போன்றோ ஓசை கேட்கும்.

வந்து வந்து போவதுதான் இந்நோயின் முக்கிய அடையாளம். இன்று மூச்சு விடத் திணறியவர் இரண்டு நாள் கழித்து மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டிக் கொண்டிருப்பார். இரவு கண் அயர்ந்த பிறகும், விடியற்காலையிலும் தொல்லை அதிகமாகும். பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கும், ஆனால் 40 வயதுக்கு மேல் புதிதாக வருவதும் உண்டு. நோயாளிக்கோ அவர் குடும்பத்தாருக்கோ அடுக்குத் தும்மல், மூக்கொழுகல், கரப்பான் போன்ற ஒவ்வாமைகள் இருந்திருக்கும். சிலருக்கு இரைச்சலே இராது. இரவில் வரும் வறட்டு இருமல் மட்டுமே ஆஸ்துமாவின் அடையாளமாக இருக்கும். மருத்துவமனையில் குழாய் ஒன்றில் வேகமாக ஊதச் செய்து, மருந்து கொடுத்து, மீண்டும் ஊதச் செய்து பார்ப்பார்கள். மருந்துக்குப் பின் காற்றின் அளவு நன்கு கூடினால் குறுகிய வழி திறக்கக் கூடியது என்று தெரியும். இது ஆஸ்துமாவுக்கு நல்ல சான்று.

இது தொற்று நோய் அல்ல. பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்து விடுமே என்று இன்ஹேலரை அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்து வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. மறைத்து வைத்த மருந்து வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டாது.

பண்ணையில் ஆஸ்துமாவைத் தூண்டும் பொருட்கள் பல. தானியக் குதிருக்குள் இருக்கும் நுண்ணிய பூச்சிகள், தவிட்டுத் தூள், பார்த்தீனியம் மற்றும் சீமைக்கருவேல் மகரந்தம், பட்டு முட்டை வித்தகங்களில் அந்துப்பூச்சியின் சிறகிலிருந்து உதிரும் செதில் ஆகியவை அவற்றுள் சில. ஒரு வாரம் வெளியூரில் மகள் வீட்டில் இருந்தபோது மூச்சு சீராக இருந்து, ஊர் திரும்பிக் கொட்டகையைக் கூட்டிய அன்றே மீண்டும் அடைத்தால், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். பஞ்சாலையிலும் ஜின்னிங் ஆலையிலும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகி, அடுத்தடுத்த நாட்களில் குறைந்து வந்தால், அது பஞ்சுத் தூசியால் வரும் தனி நோயாக இருக்கலாம்.

காலையில் வைக்கோல், மாலையில் காய்ச்சல்

ஈர வைக்கோலைப் போர் போட்டால் சில நாட்களில் உள்ளே கை வைக்க முடியாதபடி சூடேறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை ஏறும் அந்தச் சூட்டில்தான் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர்கள் செழித்து வளர்கின்றன. பிறகு போர் ஆறிக் காய்ந்ததும், வைக்கோலைப் பிடுங்கி உதறும்போது வெண்சாம்பல் நிறத்தில் ஒரு தூள் புகை போலக் கிளம்பும். அது வெறும் தூசி அல்ல, கோடிக்கணக்கான வித்துகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருப்பதால், மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேர்ந்து விடும். அங்கே உடல் அதை எதிர்க்கப் புறப்படுவதால் வரும் நோய்க்கு 'உழவர் நுரையீரல் நோய்' என்றே பெயர்.

தானியம் சலிப்பவர்களுக்கும் அளப்பவர்களுக்கும் தூசியால் வரும் இருமலையும் மூச்சுத் திணறலையும் பற்றி இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1713-ல் விரிவாக்கி வெளியிட்ட தம் நூலில் எழுதியிருக்கிறார். நனைந்து கெட்டுப்போன உலர்புல்லைக் கையாண்ட பண்ணையாட்களின் நோயை இங்கிலாந்தில் கேம்பெல் என்ற மருத்துவர் 1932-ல் தெளிவாக விவரித்தார். நம் ஊர் வைக்கோலுக்கும் இது பொருந்தும். பூஞ்சணம் பிடித்த கரும்புச் சக்கையாலும் இதே வகை நோய் வரும்.

இதை ஆஸ்துமாவிலிருந்து பிரித்தறிய நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஆஸ்துமாக்காரருக்கு வைக்கோலை உதறிய சில நிமிடங்களிலேயே நெஞ்சு அடைக்கும். உழவர் நுரையீரல் நோயில் வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. 4 முதல் 8 மணி நேரம் கழித்துத்தான் தொல்லை தொடங்கும். காலை எட்டு மணிக்குப் போரைப் பிரித்தவருக்குப் பொழுது சாயும் நேரத்தில் குளிர் நடுக்கம், காய்ச்சல், உடல் வலி, வறட்டு இருமல், மூச்சு முட்டல் ஆகியவை வரும். விசில் ஓசை பெரும்பாலும் இராது. ஆஸ்துமாவும் சில சமயம் தாமதித்து வருவது உண்டு என்றாலும், இப்படிக் குளிரும் காய்ச்சலும் அதில் வருவதில்லை.

ஓரிரு நாட்களில் தானாகவே சரியாகி விடுவதால் இதை விஷக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுக் கொண்டு மறந்து விடுகிறார்கள். அடுத்த கட்டு வைக்கோலைப் பிரித்ததும் மறுபடியும் வரும். இப்படி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து இறுகி விடும். பிறகு பத்தடி நடந்தாலும் மூச்சு வாங்கும். அந்தத் தழும்பு எந்த மருந்தாலும் மாறாது. மூச்சுக்குழாயை விரிக்கும் ஆஸ்துமா மருந்து இந்நோய்க்குப் பெரிய பலன் தராது. பூஞ்சணத்தை விட்டு விலகி இருப்பதுதான் முதல் வைத்தியம்.

காளான் வளர்ப்போருக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. சிப்பிக்காளானின் குடை முழுவதும் விரிந்து ஓரம் மேல்நோக்கிச் சுருளும் வரை விட்டு வைத்தால் குடிலுக்குள் ஏராளமான வித்து கொட்டும். ஓரம் உட்புறம் வளைந்திருக்கும்போதே பறித்து விட்டால் விலையும் கிடைக்கும், நெஞ்சும் தப்பும்.

மருந்தடித்த அன்று வரும் இரைப்பு

மற்றப் பகுதிகளைப் படிக்க நேரமில்லாதவர்களும் இதை மட்டும் படித்து விட வேண்டும். டைமெத்தோயேட், குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலில் ஏறினால், மூச்சுக்குழாய் இறுகி உள்ளே நீர் சுரக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அச்சாக ஆஸ்துமா போலவே இரைக்கும்.

பயிற்சி முகாம் ஒன்றில் கத்தரி பயிரிடும் ஓர் உழவரின் மனைவி தம் வீட்டில் நடந்ததைச் சொன்னார். கணவருக்குப் பல ஆண்டுகளாக ஆஸ்துமா உண்டு. சட்டையில்லாமல் மருந்தடித்து விட்டு வந்தவருக்கு மாலையில் இரைத்தது. வழக்கம் போல இன்ஹேலரை எடுத்துக் கொண்டு படுத்து விட்டார். "ரெண்டு தரம், மூணு தரம் பஃப் அடிச்சும் கேக்கலைங்க ஐயா. தலகாணி நனையிற அளவுக்கு வேர்வை ஊத்துச்சு, வாயில எச்சி வழிஞ்சுது. அப்பத்தான் பையன் வண்டி பிடிச்சான்" என்றார். பையன் கெட்டிக்காரன், தகப்பனார் பிழைத்துக் கொண்டார். அவருக்கு ஆஸ்துமா இருந்தது உண்மைதான். ஆனால் அன்று வந்தது ஆஸ்துமா அல்ல.

ஆஸ்துமாவில் வாயில் எச்சில் வழியாது; கண்பாவை சுருங்காது. மருந்து ஏறியவருக்குக் கண்பாவை கடுகளவாகச் சுருங்கும், பார்வை மங்கும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வியர்த்துக் கொட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு ஆகியவையும் வரலாம். தெளித்த சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள், பெரும்பாலும் அன்றைக்கே, இவை தெரியும். எல்லாம் சேர்ந்து வரும் என்று காத்திருக்க வேண்டாம். மருந்தடித்த நாளில் இரைப்போடு வியர்வையும் எச்சிலும் கண்டால் அது நஞ்சு என்றே கொள்ள வேண்டும்.

உடனே 108-க்குச் சொல்லி விட்டு, நனைந்த உடைகளைக் கழற்றித் தலைமுடி, நகக்கண் உட்பட சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையில் உறையோ பாலிதீன் பையோ மாட்டிக் கொள்ள வேண்டும். நினைவு மங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பால், உப்புக் கரைசல், புளிக் கரைசல் எதையும் ஊற்ற வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். மருந்து டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு கொண்டு போக வேண்டும். இதற்கு அட்ரோபின் என்ற முறிமருந்து மருத்துவமனையில் உண்டு. எந்த வகை மருந்து என்று தெரிந்தால் சிகிச்சை விரைவாகத் தொடங்கும்.

காசநோயும் ஈஸ்னோபீலியாவும்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதித்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவை காசநோயின் அடையாளங்கள். ஆஸ்துமாவில் உடல் இப்படி உருகுவதில்லை; காய்ச்சலும் தினந்தோறும் வருவதில்லை. ஆஸ்துமா என்று சொல்லிக் கொண்டு காசநோயை வளர்த்தால் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் பரவும்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஆந்திர மாநிலம் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் இருந்த காசநோய் மருத்துவமனையைச் சேர்ந்த ஃப்ரிமோட்-மோலர், பார்ட்டன் என்ற மருத்துவர்கள் 1940-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காசநோய் போலத் தோற்றமளித்தும் காசநோய் அல்லாத ஒரு நிலையை அதில் விவரித்தார்கள். அந்த நோயாளிகளின் இரத்தத்தில் ஈஸ்னோபில் என்ற அணுக்கள் மிக அதிகமாக இருந்தன. யானைக்கால் நோயை உண்டாக்கும் கிருமியின் இளம் புழுக்களை உடல் எதிர்ப்பதால் வருவதே இந்நோய் என்று பிற்காலத்தில் தெளிவாயிற்று. இரவில் விடாத இருமலும் இரைப்பும் வருவதால் ஆஸ்துமா என்று ஏமாறுவது எளிது. கொசுவால் பரவும் யானைக்கால் நோய் இருந்து வந்த பகுதிகளில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் ஊர்களில் 'ஈஸ்னோபீலியா' என்ற சொல் சற்றுத் தாராளமாகவே புழங்குகிறது. சோதனைச் சீட்டில் எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருந்தாலே அந்தப் பெயரைச் சொல்லி விடுகிறார்கள். ஆஸ்துமாவிலும், குடற்புழு இருந்தாலும் அந்த அணுக்கள் ஓரளவு கூடும். நான் சொல்லும் நோயில் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அவை பொதுவாக 3,000-க்கு மேல் இருக்கும். இதற்கு மாத்திரையும் வேறு.

அடுப்பு, இதயம், நிலக்கடலை

பல ஆண்டுகள் பீடி குடித்தவர்களுக்கும், புகைபோக்கி இல்லாத அடுப்படியில் விறகும் எருமுட்டையும் எரித்துச் சமைத்த பெண்களுக்கும் 40 வயதுக்கு மேல் வருவது பெரும்பாலும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். இது ஆஸ்துமா போல வந்து வந்து போவதில்லை. தினமும் காலையில் சளியோடு இருமல் வரும். ஆண்டுக்கு ஆண்டு நடக்கும் தூரம் குறைந்து கொண்டே போகும். 'வயசாயிடுச்சு' என்று தள்ளி விடுகிறார்கள்.

மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் குறைகிறதா? இரண்டு கால்களும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுகிறதா? அப்படியானால் இதயத்தைப் பார்க்க வேண்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், சிறுவயதில் மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் கண்டவர்களும் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

நிலக்கடலை உடைக்கும் வீட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை விளையாடிக் கொண்டிருந்து, திடீரெனப் புரையேறி, அதன் பிறகு ஒரு பக்க நெஞ்சில் மட்டும் இரைச்சல் கேட்டால் அது ஆஸ்துமா அல்ல. பருப்பு மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கக் கூடும். புரையேறல் அடங்கி விட்டாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

தாமதிக்கக் கூடாத நிலை

காரணம் எதுவாயினும், ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியாவிட்டால் நிலைமை கடுமையானது. பெரியவர்கள் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார்கள். கடிகாரம் பார்த்து எண்ணும்போது அது 25-க்கு மேல் போனாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், இன்ஹேலர் எடுத்தும் குறையாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரைச்சல் திடீரென அடங்கி ஆளும் சோர்ந்து போனால் குணமாகி விட்டது என்று எண்ணுகிறார்கள். காற்றே போகாததால்தான் ஓசை அடங்கியிருக்கும். இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது.

அவசரமில்லாத நிலையில், மருத்துவரிடம் போவதற்கு முன் இரண்டு வாரக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டு போவது நல்லது. அன்று செய்த வேலை, வேலை தொடங்கிய நேரம், மூச்சு அடைத்த நேரம், காய்ச்சல் உண்டா, இரவில் விழிப்பு வந்ததா ஆகிய ஐந்தும் போதும். பால் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கமே இதற்குத் தாராளம்.

பண்ணையில் செய்ய வேண்டியவை

வைக்கோலை நன்கு உலர்த்திய பிறகே கட்டாகக் கட்ட வேண்டும். இயந்திரக் கட்டில் ஈரம் உள்ளே சிக்கிக் கொள்வதால் பழைய போரை விட விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். குறுவை வைக்கோல் மழையில் நனைவது தவிர்க்க முடியாதது. நனைந்ததைத் தனியே வைத்து எருக்குழிக்கு அனுப்பி விடுவதே லாபம். மாட்டுக்கும் அது நல்லதல்ல. போரைத் தரையில் போடாமல் கற்களும் கட்டைகளும் அடுக்கி மேடை மீது போட வேண்டும். பிரிக்கும்போது காற்று முதுகுப் பக்கம் இருக்குமாறு நின்று, முதலில் தண்ணீரை லேசாகத் தெளித்துக் கொண்டால் தூள் அடங்கும். ஈரப்படுத்திய வைக்கோலை அன்றைக்கே மாட்டுக்குப் போட்டு விட வேண்டும்.

முகத்தில் சுற்றும் துண்டு பெருந்தூசியைத்தான் தடுக்கும், வித்துகளைத் தடுக்காது. அதற்கு என்-95 முகக்கவசம் தேவை. ஆனால் அந்தக் கவசம் பூச்சிமருந்தின் ஆவியைத் தடுக்காது. இரண்டையும் ஒன்றாக எண்ணி விடக் கூடாது.

பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன், கையுறை அணிந்து, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். பயிரில்லாத இடங்களில் லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்துச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

ஆஸ்துமா என்று மருத்துவர் உறுதி செய்தவர்களுக்கு இன்ஹேலர்தான் சிறந்த மருந்து. மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையை விட மிகக் குறைந்த அளவே போதும். பழக்கமாகி விடும் என்ற பயம் வேண்டாம். உடனே மூச்சைத் திறந்து விடும் மருந்து வேறு, அழற்சியை அடக்கித் திரும்ப வராமல் காக்கும் மருந்து வேறு. முதல் வகையை மட்டும் வைத்துக் கொண்டு காலந்தள்ளுவது தவறு என்று இப்போது உலக அளவிலேயே சொல்லப்படுகிறது. பெயர் தெரியாத பொட்டலத் தூள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு; சாப்பிட்டதும் சுகமாக இருப்பதன் ரகசியம் அதுதான்.

வயலுக்குப் போகும்போது இன்ஹேலரையும் எடுத்துச் செல்ல வேண்டும். சித்திரை வெயிலில் வரப்பிலோ, டிராக்டர் இருக்கையிலோ, மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ அதை வைக்கக் கூடாது. அழுத்தத்தில் அடைத்த குப்பி அது. சூடேறினால் வெடிக்கக் கூடும். சாப்பாட்டுத் தூக்கு வைக்கும் மர நிழலிலேயே, ஒரு துணிப்பையில் போட்டு, கூட வேலை செய்கிறவர்களுக்கும் இடத்தைச் சொல்லி வைக்கவும்.